என் தங்கைக்கு வந்ததைத் திறந்தவர்

என் தங்கைக்கு வந்த செய்தியைத் திறந்து வாசித்தது நீங்கள்தான், சேர். வாசித்துவிட்டு அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அப்படி ஒன்று வரவே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீர்கள்.

இதற்கு மேல் உங்களை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். வாசிக்கிறவர்களுக்கு நடந்தது விளங்க வேண்டும். யாருடைய பெயரையும் எழுத மாட்டேன். தங்கை இருக்கும் நாட்டின் பெயரையும் எழுத மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மாணவியாக இருப்பதற்கு அந்த நாடு கொடுத்த வதிவிட அட்டையின் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போட்ட விண்ணப்பத்தையும் மூடிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் மேல்முறையீட்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேராவிட்டால் அவள் பெட்டியைக் கட்ட வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதித் தரக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் ஹட்டன் டவுனில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். வெளியே பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். பகலில் பிள்ளைகள் தூங்கும்போது நான் மற்றவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பேன். அடையாள அட்டைக்கு, பிறப்புப் பத்திரத்துக்கு, வங்கிக்கு, பாடசாலைக்கு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு என்ன பாரம் வந்தாலும் என்னிடம்தான் வரும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள்.

எந்தப் பாரத்திலும் எங்கள் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முகவரி. எங்கள் லயத்துக்கு முகவரி இல்லை. வீட்டுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை, தபால்காரர் மேலே ஏறி வருவதில்லை. தோட்டத்தின் பெயருக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கே கிளாக்கர் ஐயாவின் மேசையில் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போய், கிளாக்கருக்கும் ஞாபகம் வந்தால், எங்கள் கைக்கு வரும். அதனால் நாங்கள் மே/பா என்று போட்டு இன்னொருவரின் விலாசத்தை எழுதுவோம். டவுனில் தெரிந்த புடவைக் கடை, சலூன், சாப்பாட்டுக் கடை, பாடசாலை, கோயில், எதுவாகவும் இருக்கும். பிறந்தது முதல் எங்களுக்கு வருவதெல்லாம் யாரோ ஒருவரின் கையைத் தாண்டித்தான் வருகிறது. அதில் என்ன பிழை என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் ஒருமுறை யோசித்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம், அந்த நாள் கடந்து மூன்று கிழமைக்குப் பிறகு கிடைத்தது. கிளாக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டேன்.

“இது எப்பங்க வந்திச்சு?”

“இப்பதான் வந்திச்சு.”

“முத்திரையில வேற தேதி இருக்குங்களே.”

“அப்ப தபால் கந்தோருல போயி கேளு. நான் என்னா ஒனக்குத் தபால்காரனா?”

தபால் கந்தோரில் கேட்டேன். வந்த அன்றைக்கே தோட்டத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். யார் பொய் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளாக்கரின் அண்ணன் மகளும் அந்த வருஷம் அதே பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு தோட்டத்து ஆபிஸ் விலாசத்தை நான் யாருடைய பாரத்திலும் எழுதியதில்லை. டவுன் விலாசம்தான். எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

தங்கை எனக்குப் பதினொரு வயது இளையவள். அப்பா இல்லை. அம்மாவும் நானும் உழைத்து அவளை உயர்தரம் வரை படிக்க வைத்தோம். மூன்று பாடமும் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. ஹட்டனில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். போய்வருகிற வழியில்தான் அவருடைய விளம்பரப் பலகையைப் பார்த்தாள்.

அவர் எங்களுக்குப் புதியவர் இல்லை. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தங்கைக்குச் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்கு டியூஷன் கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவர் சேர். டியூஷனை நிறுத்திவிட்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஆபிஸ் திறந்தபோது, நம் ஆள் ஒருவர் மேலே வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை.

முதல் நாள் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் மாடிப்படி ஏறிப் போனோம்.

“இவளுக்கு எந்தப் படிப்பு சேர் சரியா வரும்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “படிப்ப உடுங்க. நீங்க படிக்கவா அனுப்புறீங்க? ரெண்டு வருஷம் கிளாசுல உக்காந்து எந்திரிச்சா, அங்கயே வேல தேடுறதுக்கு விசா. அதுக்குப் பொறகு நெரந்தரமா இருக்கிற விசா. அப்புறம் அம்மாவயும் கூப்புட்டுக்கலாம்.”

“என்னையாங்க?” என்றார் அம்மா. “அங்க ரொம்பக் குளிருமாமே.”

“நுவரெலியாக் குளிரு தாங்குற ஆளுக்கு அதெல்லாம் என்னாம்மா?”

“நுவரெலியாவுக்கு நான் எங்கங்க போனேன்? ரெண்டே தரம். ரெண்டு தரமும் ஆஸ்பத்திரிக்கு.”

எல்லாரும் சிரித்தோம். தங்கை மட்டும், “கிளாசுல பெயில் ஆனா என்னா சேர் நடக்கும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை யாரும் காதில் வாங்கவில்லை. ஹோட்டல் முகாமைத்துவம் என்று அவரே ஒரு படிப்பைத் தெரிவு செய்தார்.

மறைக்காமல் எழுதுகிறேன். நாங்கள் அவளைப் படிக்க அனுப்பவில்லை. விசாவுக்குத்தான் அனுப்பினோம். தோட்டத்தில் வேலையில் பெயர் இருந்தால்தான் லயத்து வீடு எங்களுக்கு. அம்மா வேலையை விட்டு, நானும் விட்டால், அந்த வீட்டில் எத்தனை நாளைக்கு இருக்க விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கேயாவது ஒரு நாட்டில் அவள் நிலையாக இருக்கட்டும் என்று நினைத்தோம். படிப்பு அதற்கு ஒரு சாட்டு.

பாரத்தை நான்தான் நிரப்பினேன். அவருடைய மேசையிலேயே உட்கார்ந்து, என்னுடைய நல்ல கையெழுத்தில். மின்னஞ்சல் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. தங்கைக்கு ஒன்று இருந்தது. போன் வாங்கியபோது கடைக்காரர் திறந்து கொடுத்தது. அதன் பாஸ்வேர்ட் அவளுக்கே ஞாபகம் இல்லை.

“அது வேணாம்,” என்றார் அவர். “இங்கயே புதுசா ஒண்ணு தொறந்துக்குவோம். எல்லாப் புள்ளைகளுக்கும் நாங்கதான் தொறந்து பாக்குறது. ஒங்க லயத்துல கவரேஜும் சரியா இல்ல. அங்கருந்து முக்கியமா ஒண்ணு வந்து, நீங்க பாக்காம உட்டா முடிஞ்சிச்சு.”

“சரிங்க சேர்.”

“போன் நம்பரும் ஆபிஸ் நம்பரே போடுங்க. விலாசமும் நம்ம ஆபிசே இருக்கட்டும்.”

மே/பா போட்டு அவருடைய விலாசத்தை எழுதினேன். நிம்மதியாகவே எழுதினேன். இனி இவளுடைய கடிதம் எந்த மேசையிலும் கிடந்து மக்காது, படித்த ஒருவரின் கையில் இருக்கும் என்று நினைத்தேன். கீழே இறங்கி பஸ் நிலையத்துக்கு வரும்போது தங்கை சொன்னாள்:

“அக்கா, பாஸ்வேர்ட் கேக்கலயே.”

“சேர்ட்ட போயி அதக் கேக்குறதா? என்னா நெனைப்பாரு நம்மள?”

“கேட்டா என்னாக்கா?”

“பேசாம வா.”

வேறு யாராவது இப்படிச் செய்வார்களா என்று தெரியவில்லை. வாசலில் தபால்பெட்டி வைத்து வளர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். எங்களுக்குக் கடிதம் வாங்கிக் கொடுக்கிற கடைக்காரரிடம் நாங்கள் கணக்குக் கேட்டுப் பழகவில்லை. வாங்கித் தருகிறாரே என்று தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பழக்கம்.

தூதரகக் கேள்விகளுக்கு அவர் ஒத்திகை வைத்தார். அம்மாவும் நானும் பக்கத்தில் இருந்தோம். ஆபிசில் வேலை செய்த பெண் கேள்வி கேட்பாள், தங்கை பதில் சொல்ல வேண்டும், அவர் திருத்துவார்.

“படிப்பு முடிஞ்சதும் என்னா செய்வீங்க?”

“நாட்டுக்குத் திரும்பி வந்து எங்க பிரதேசத்து சுற்றுலாத் துறையில வேலை செய்வேன்.”

“கீழ பாக்காத,” என்றார் அவர். “கண்ணப் பாத்து சொல்லணும். இன்னொரு தரம்.”

தங்கை இன்னொரு தரம் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தார். “என்னா புள்ள, இவ திரும்பி வந்துருவாளா? அப்ப எதுக்குப் போறா?”

“அம்மா, அது பரீட்சைக்குச் சொல்ற பதிலு,” என்றார் அவர்.

“பொய்யின்னு சொல்லுங்க.”

அவர் அந்தப் பெண்ணிடம், “அம்மாவுக்கு ஒரு பிளேண்டி சொல்லும்மா,” என்றார். பாலில்லாத தேநீர் வந்தது. அம்மா குடித்தார். நாங்கள் எல்லாரும் அந்தப் பொய்க்குச் சாட்சி. பிறகு அதை வைத்தே அவர் என் வாயை அடைக்கப் பார்ப்பார் என்று அன்று தெரியவில்லை.

விசா கிடைத்தது. தங்கை போனாள். போய் ஒரு மாதத்தில் வதிவிட அட்டையின் படத்தை அனுப்பினாள். அம்மா அந்தப் படத்தைக் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே கொண்டுபோய், மலைக்குப் போகக் காத்து நின்ற பெண்களிடம் போனை நீட்டினார்.

“இதுதான் கார்டா? பஸ் சீசன் டிக்கட் மாதிரில்ல இருக்கு.”

“இதக் காட்டுனா அங்க என்னா தருவாங்க?”

“ஒண்ணும் தர மாட்டாங்க. இருக்க விடுவாங்க,” என்றார் அம்மா.

“இருக்க விடுறதுக்கு ஒரு கார்டா? நம்மள இங்க கார்டு இல்லாமலே இருக்க விட்டிருக்காங்களே, அப்ப நம்ம பெரிய ஆளுங்கதான்,” என்று ஒருத்தி சொன்னதும் கூட்டமே சிரித்தது.

அந்த அட்டை ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும்.

தங்கை அங்கே கிளாசுக்குப் போனாள். கிளாஸ் இல்லாத நாட்களில், சட்டம் விட்ட மணித்தியாலம் மட்டும், ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். பிறகு மரக்கறி வெட்ட விட்டார்கள். பிறகு காலைச் சாப்பாட்டுக்குப் பாண் சுடும் பகுதிக்கு மாற்றினார்கள். ஒருநாள் போனில், “அக்கா, பரீட்சையில நான் கிளாசுலயே ரெண்டாவது,” என்றாள்.

“அது கெடக்கட்டும். நெரந்தர விசா எப்ப கெடைக்குமாம்?” என்று கேட்டேன்.

அவள் பேச்சை மாற்றிவிட்டாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

முதல் வருஷம் முடியும் நேரம் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அவர் ஹட்டனிலிருந்தே இணையத்தில் போட்டார். கணக்கு அவர் திறந்தது, பாஸ்வேர்ட் அவரிடம். தங்கை கிழமைக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் கேட்பாள், ஏதும் வந்ததா சேர் என்று. வரும், பொறு என்று எழுதுவார். இன்னும் ஒன்றும் வரவில்லை என்று எழுதுவார். ஒருமுறை சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டு, வந்தால் நான் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப் போகிறேன் என்று எழுதினார். அந்தச் செய்திகள் எல்லாம் அவளுடைய போனில் பத்திரமாக இருக்கின்றன.

காத்திருந்து பொறுக்காமல் அவளே அந்த நாட்டுக் குடிவரவு ஆபிசுக்குப் போனாள். அங்கேதான் விண்ணப்பம் மூடப்பட்டது தெரிந்தது. திரும்பக் கைரேகை வைக்க வேண்டும், கல்லூரியிடமிருந்து வரவுக் கடிதம் கொண்டுவர வேண்டும், முப்பது நாள் தவணை என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பதில் இல்லை. மூடிவிட்டார்கள்.

எனக்கு அழைத்துச் சொன்னபோது அவள் அழவில்லை. நான் உடனே அவருக்கு அழைத்தேன்.

“ஐயோ, அப்புடியா?” என்றார். பிறகு குரலைத் தணித்தார். “நான் சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஒங்க தங்கச்சி கிளாசுக்கு ஒழுங்கா போகல போல இருக்கு. அங்க போற புள்ளைக நெறைய அப்புடித்தான். வேலைக்குப் போயிருங்க. அதுதான் கார்ட நிப்பாட்டியிருப்பாங்க.”

நான் நம்பினேன். என் தங்கையை விட்டுவிட்டு அவரை நம்பினேன். லயத்திலும் அதே கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைக் காம்பராவுக்குப் பிள்ளையை விட வந்த ஒருத்தி, “தங்கச்சி கிளாசுக்குப் போறதில்லையாமே,” என்றாள். நான் யாருக்கும் சொல்லாத விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரம் நான் யோசித்திருக்க வேண்டும். தங்கைக்கு அழைத்தேன்.

“உண்மையச் சொல்லு. நீ கிளாசுக்குப் போனியா இல்லையா?”

அவள் போனை வைத்துவிட்டாள். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் நாலு படங்கள் வந்தன. வரவுப் பத்திரம், கல்லூரி முத்திரையோடு. மூன்று நாள்தான் போகவில்லை, அதுவும் காய்ச்சல் என்று மருத்துவரின் துண்டோடு. பரீட்சைப் பெறுபேறு. நாலாவது படம் குடிவரவு ஆபிசில் கேட்டு வாங்கிய ஒரு தாள். அந்தச் செய்தி அனுப்பிய திகதி இருந்தது. அதற்குக் கீழே திறந்து வாசித்த திகதியும் நேரமும் இருந்தன. எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது. படங்களோடு ஒரு வார்த்தையும் அவள் எழுதவில்லை.

நான் அவளுடைய பழைய வாட்ஸ்அப் செய்திகளைக் கேட்டு வாங்கினேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, அவர் எழுதியது: இன்னும் ஒன்றும் வரவில்லை.

அந்தத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். முதல் தரம் அவர் சொன்னது, “அப்புடி ஒண்ணு வரவே இல்ல. இந்தத் தாள் என்னா தாளோ.” அடுத்த கிழமை போனபோது, “வந்து குப்பை மெயிலுக்குள்ள போயிருக்கும், அத யாரு பாக்குறது?” என்றார்.

“குப்பைக்குள்ள போனத எப்புடிங்க தொறந்து வாசிச்சாங்க?” என்று கேட்டேன்.

“அது ஆபிசுல இருந்த புள்ள தொறந்திருக்கும். அது வேலைய விட்டுப் போயிருச்சு. நான் என்னா செய்ய?”

இரண்டு கிழமைக்குள் மூன்று பதில். பிள்ளைக் காம்பராவில் நாலு வயதுப் பிள்ளை பிஸ்கட் எடுத்துவிட்டுச் சொல்கிற பொய்கூட இதைவிட ஒழுங்காக இருக்கும்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். தலவாக்கலையில் ஒரு போன் கடையில் நின்றாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது. கடை முதலாளி சாப்பிடப் போகும் வரைக்கும் வெளியே நின்றேன்.

“நீதான தொறந்த?” என்று கேட்டேன்.

“ஆமாக்கா. நான்தான் தொறந்தேன். அவரு பக்கத்துல நின்னாரு. வாசிச்சுக் காட்டச் சொன்னாரு, வாசிச்சேன். அவரும் ஒரு தரம் வாசிச்சாரு.”

“பொறகு?”

“தங்கச்சிக்கு அனுப்பவான்னு கேட்டேன். இப்ப சொல்லாத, கார்டு முடியட்டும்னாரு.”

“ஏன்?”

“அந்த நாட்டுலயே வேற ஒரு கொலேஜோட கமிஷனுக்குப் புதுசாப் பேசியிருந்தாருக்கா. கார்டு முடிஞ்சா எல்லாம் பதறிக்கிட்டு நம்மகிட்டதான் வருவாங்க, அப்ப அங்க மாத்திரலாம்னாரு. தங்கச்சி மட்டும் இல்ல. இன்னும் நாலு பேரு.”

“இத எழுதிக் குடுப்பியா?”

அவள் கண்ணாடிக்குள் இருந்த போன்களைப் பார்த்தாள். “என் தம்பியோட பாஸ்போர்ட்டு அவர்ட்டதான் இருக்குக்கா. அடுத்த மாசம் அவனுக்கு விசாவுக்குப் போடுறாரு.”

“இவ்வளவு தெரிஞ்சும் அவர்ட்டயா குடுத்த?”

“வேற யார்ட்டக்கா குடுக்குறது?”

அவள் சொன்னது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் மேல் போடுகிறாளோ என்றும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போது நான் எல்லாரையும் அப்படித்தான் பார்க்கிறேன். லயத்தில் யாராவது தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று சும்மா கேட்டால்கூட, இதை யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாய் என்றுதான் மனசு கேட்கிறது. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தப் பெண் திறந்திருந்தாலும் வியாழக்கிழமை எழுதியது அவள் இல்லை. அது அவருடைய சொந்த போன்.

தங்கைக்கு அங்கே இலவசமாக உதவி செய்யும் ஒரு சட்டத்தரணி கிடைத்தார். அந்தச் சட்டத்தரணி சொன்னது எளிமையான விஷயம். செய்தி மாணவியின் கைக்கு வரவில்லை, கணக்கு முகவரிடம் இருந்தது என்று அந்த முகவரே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் விண்ணப்பத்தைத் திரும்பத் திறக்க வழி இருக்கிறது. மாதக் கடைசிக்குள் வேண்டும்.

இந்த விஷயமாக நான் மூன்றாம் தரம் மாடிப்படி ஏறினேன். தங்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்பியிருந்த அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோனேன். ஒரு பக்கம்தான்.

அவர் வாசித்தார். மடித்தார். என்னிடமே திருப்பித் தந்தார்.

“இதுல நான் கையெழுத்து வச்சா அவங்க என்னா கேப்பாங்க தெரியுமா? திரும்பிப் போயிருவேன்னு சொன்ன புள்ள ஏன் இருக்கிறதுக்கு இப்புடித் துடிக்குதுன்னு கேப்பாங்க. மொதல்ல பொய் சொன்னது யாரு? நானா, ஒங்க தங்கச்சியா? நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?”

இறங்கி வந்துவிட்டேன். செருப்புக் கடை வாசலில் நின்று அந்தத் தாளைப் பைக்குள் வைத்தேன். எனக்கு வந்தது கோபமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் தங்கைக்கு அழைத்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இதை எழுதிப் போட்டால் உனக்குத்தான் ஆபத்து வருமாம் என்றேன்.

“ஆமாக்கா, திரும்பி வருவேன்னு சொன்னேன்,” என்றாள். “வாறேன். இப்ப வரச் சொன்னாலும் வாறேன். ஆனா படிப்ப முடிச்சிட்டு வாறேன். இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. எட்டு மாசத்துக்கு மட்டும் கார்டக் குடுத்தாப் போதும்.”

“நெரந்தர விசா?”

“அது ஒங்களுக்குத்தான் வேணும். எனக்கு அந்தச் சட்டிபிகேட் வேணும்.”

“படிப்பு ஒனக்கு அவ்வளவு புடிச்சிருக்கா?”

“நீ எப்பவாவது கேட்டியாக்கா?”

கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகப் போனில் பேசினேன், ஒருநாளும் என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. அட்டையைப் பற்றித்தான் கேட்டேன். அவரும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. நாங்கள் சாட்டுக்குப் போட்ட படிப்பை அவள் உண்மையாகப் படித்திருக்கிறாள். அதில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். வகுப்பில் இரண்டாவதாக வந்த பிள்ளை, எட்டு மாதம் மிச்சம் இருக்கும்போது, ஒரு கையெழுத்துக்காகப் பாதியில் திரும்பி வர வேண்டும்.

“எழுதுக்கா,” என்றாள். “நாட்டுப் பேர மட்டும் போடாத.”

அதனால் எழுதுகிறேன். தூதரகத்துக்குச் சொன்ன பொய்யில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதற்கு யார் எங்களைக் கேட்டாலும் பதில் சொல்வேன், என் பெயரைப் போட்டே சொல்வேன். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவர் அதைக் காட்டியே பயமுறுத்துவதற்கு நான் இனிப் பயப்பட மாட்டேன். அவருக்கு நாங்கள் கட்டிய காசைப் பற்றியும் நான் பேசவில்லை. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒரு பக்கம், ஒரு கையெழுத்து.

நேற்று ஹட்டன் பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் தலவாக்கலையில் இலவச விளக்கக் கூட்டமாம். உயர்தரம் எழுதிய பிள்ளைகளும் பெற்றோரும் வரவேண்டுமாம். படிப்பும் வதிவிட விசாவும் ஒரே விண்ணப்பத்தில் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உங்கள் படமும் இருக்கிறது, சேர். கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள்.

நான் அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். கடிதமும் பேனாவும் கொண்டு வருகிறேன். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகளின் பாரத்தில் உங்கள் விலாசத்தை எழுதுவதற்கு முன்னால், மைக்கைக் கையில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி இதற்குப் பதில் சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமை என் தங்கையின் செய்தியை வாசித்த நீங்கள், வியாழக்கிழமை ஒன்றும் வரவில்லை என்று ஏன் எழுதினீர்கள்?